தனியாக ஒரு குறுகிய கப்பல் பயணம்: கீழ்பென்னாத்தூரிலிருந்து புறப்படும் முன் தெரிந்துகொள்ள வேண்டியவை

கீழ்பென்னாத்தூரில் கடல் இல்லை. அலையைப் பார்க்க வேண்டுமானால் செஞ்சி, திண்டிவனம் தாண்டி மரக்காணத்துக்கோ புதுச்சேரிக்கோ போக வேண்டும். ஆனாலும் நம் வீடுகளில் கப்பல் என்ற சொல் புதிதல்ல. சென்னை, நாகப்பட்டினம் துறைமுகங்களிலிருந்து பினாங்குக்கும் சிங்கப்பூருக்கும் சென்ற 'ரஜூலா', அதன்பின் வந்த 'எம்.வி. சிதம்பரம்' ஆகியவற்றின் பெயர்களை முந்தைய தலைமுறை நன்றாக அறியும். மும்பையிலிருந்து ஹாஜிகளைக் கப்பலில் ஏற்றிச் செல்லும் வழக்கமும் 1995 வரை இருந்தது.

அவை எல்லாம் பிழைப்புக்காகவோ கடமைக்காகவோ சென்ற பயணங்கள். இன்று இரண்டு முதல் ஐந்து நாள் வரை கடலில் சுற்றி வரும் ஓய்வுப் பயணம் நடுத்தரக் குடும்பத்துக்கும் எட்டும் தூரத்தில் வந்திருக்கிறது. பிள்ளைகளை ஆளாக்கி முடித்த தந்தை, துணையை இழந்து வீட்டோடு இருக்கும் தாய், பணி ஓய்வு பெற்ற ஆசிரியர், திருமணம் ஆகாத இளைஞர் என்று தனியாகப் போக நினைப்பவர்களும் இருக்கிறார்கள். அவர்கள் முதலில் சந்திக்கும் கேள்வி, "தனியா எதுக்கு?" என்பதுதான்.

ஆசையைக் குறை சொல்லும் கேள்வி அல்ல அது. நடுக்கடலில் ஏதாவது ஒன்று ஆகிவிட்டால் யார் பார்ப்பார்கள் என்ற கவலைதான் அப்படிக் கேட்க வைக்கிறது. அந்தக் கவலைக்கு ஏற்பாடுகளால் பதில் சொல்ல முடியும். அதற்கான விவரங்கள் இவை.

எந்தக் கப்பல்? மூன்று வழிகள்

1. கொச்சியிலிருந்து இலட்சத்தீவு. நம் குடும்பத்தவர் முதலில் பார்க்க வேண்டிய வழி இதுதான். இலட்சத்தீவு யூனியன் பிரதேசத்தின் சுற்றுலா அமைப்பான 'ஸ்போர்ட்ஸ்' நடத்தும் 'சமுத்திரம்' என்ற தொகுப்புப் பயணம் ஐந்து நாள்கள் கொண்டது. 'எம்.வி. கவரத்தி' கப்பலில் கவரத்தி, கல்பேனி, மினிக்காய் ஆகிய மூன்று தீவுகளுக்கு அழைத்துச் செல்வார்கள். பகல் முழுவதும் தீவில் இருக்கலாம், மதிய உணவும் அங்கேதான். இரவுக்குக் கப்பலுக்குத் திரும்பிவிட வேண்டும்.

கொச்சியிலிருந்து இந்தத் தீவுகள் 220 முதல் 440 கி.மீ. தொலைவில் உள்ளன. கப்பல் போய்ச் சேர 14 முதல் 18 மணி நேரம் ஆகும். 2011 கணக்கெடுப்பின்படி இலட்சத்தீவின் மக்கள் தொகை 64,473. அதில் 96 விழுக்காட்டுக்கு மேல் முஸ்லிம்கள். ஹலால் உணவைத் தேட வேண்டியதில்லை, பாங்கு சத்தம் காதில் விழும், பங்காரம் தவிர மற்ற தீவுகளில் மதுவிலக்கு உண்டு. கவரத்தியில் நுணுக்கமான மர வேலைப்பாடு கொண்ட உஜ்ரா பள்ளியையும், மினிக்காயில் 1885-ல் கட்டிய கலங்கரை விளக்கத்தையும் பார்க்கலாம். மற்ற தீவுகளில் மலையாளம் பேசுகிறார்கள். மினிக்காயில் மட்டும் மாலத்தீவு மொழியோடு உறவுடைய மஹல் மொழி.

இதில் கவனிக்க வேண்டியவை மூன்று. முதலாவது, இது பயணிகள் கப்பல். ஆடம்பர விடுதியை எதிர்பார்க்கக் கூடாது. இரண்டாவது, பல தீவுகளில் கப்பல் ஆழ்கடலில் நிற்கும். அங்கிருந்து சிறிய படகுக்கு மாறித்தான் கரைக்குப் போக வேண்டும். அலையில் ஆடும் படகில் கால் வைத்து ஏறி இறங்க வேண்டியிருப்பதால் மூட்டு வலி உள்ளவர்கள் யோசித்துக்கொள்ளுங்கள். மூன்றாவது, இந்தியக் குடிமக்களும் நுழைவு அனுமதி பெற வேண்டும். இது 1967-ஆம் ஆண்டு விதிகளின்படி இருந்துவரும் நடைமுறை. முன்பதிவு செய்யும்போதே அனுமதிக்கு என்னென்ன தாள்கள் வேண்டும் என்று கேட்டு முடித்துவிடுங்கள். தென்மேற்குப் பருவமழை மாதங்களில் இந்தப் பயணம் நடப்பதில்லை.

2. சென்னையிலிருந்து சொகுசுக் கப்பல். 'கார்டிலியா' நிறுவனத்தின் 'எம்பிரஸ்' கப்பலின் சென்னைப் பயணத்தை 2022 ஜூன் 4 அன்று முதல்வர் மு.க. ஸ்டாலின் தொடங்கி வைத்தார். கடலுக்குள் சென்று திரும்பும் இரண்டு இரவுப் பயணம், விசாகப்பட்டினம் வரை செல்லும் ஐந்து இரவுப் பயணம் என்று அப்போது இருந்தன. 2023 ஜூனில் சென்னையிலிருந்து இலங்கையின் அம்பாந்தோட்டை, திருகோணமலை, காங்கேசன்துறைக்கும் சென்றது. மேற்குக் கடல் கொந்தளிக்கும் பருவமழை மாதங்களில்தான் இந்தக் கப்பல் பெரும்பாலும் நம் பக்கம் வரும். அட்டவணை ஆண்டுக்கு ஆண்டு மாறும்.

1990-ல் பிரான்சில் கட்டப்பட்ட பெரிய கப்பல் இது. நீச்சல் குளம், நாடக அரங்கம், உணவகங்கள் எல்லாம் உண்டு. மதுக்கூடமும் சூதாட்டக்கூடமும் உண்டு. அந்தப் பக்கம் போகாமல் இருப்பது நம் கையில்தான் இருக்கிறது. ஆனால் அறை எந்தத் தளத்தில், எதன் அருகில் அமைகிறது என்பதைப் பதிவின்போதே கேட்டு வாங்கலாம். இரவு இரண்டு மணி வரை பாட்டு ஒலிக்கும் தளத்துக்கு நேர் கீழே அறை கிடைத்தால் ஃபஜ்ருக்கு எழுவது சிரமம்.

3. சிங்கப்பூரிலிருந்து. உறவினர் அங்கே இருப்பவர்களுக்கு இது ஒரு வழி. சிங்கப்பூரிலிருந்து இரண்டு, மூன்று இரவுப் பயணங்கள் செல்லும் 'கெண்டிங் டிரீம்' கப்பல், ஓ.ஐ.சி. தர விதிகளின்படி ஹலால் சான்று பெற்றது. உணவு விஷயத்தில் இது பெரிய நிம்மதி. ஆனால் சூதாட்டக்கூடம் இந்தக் கப்பலிலும் உண்டு என்பதை அறிந்தே செல்லுங்கள். விசாவிலும் கவனம் தேவை. கப்பல் ஏறியதும் சிங்கப்பூரை விட்டு வெளியேறியவர் ஆகிவிடுகிறீர்கள். திரும்ப வந்து இறங்கும்போது மறுபடியும் நுழைய உங்கள் விசா இடம் தருகிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள். இடையில் கப்பல் நிற்கும் நாட்டின் விதியும் அப்படித்தான்.

ஒருவர் போனாலும் இருவர் கட்டணம்

தனிப் பயணி முதலில் அதிர்ச்சி அடைவது இங்கேதான். விளம்பரத்தில் வரும் தொகை, ஓர் அறையில் இருவர் தங்கினால் ஒருவருக்கு ஆகும் கட்டணம். ஒருவர் மட்டும் அந்த அறையை எடுத்தால், காலியாக இருக்கும் இடத்துக்கும் சேர்த்துக் கேட்பார்கள். சில நேரம் ஒன்றரை மடங்கு, பல நேரம் முழுதாக இரண்டு மடங்கு.

கணக்குக்காக ஒன்றைச் சொல்வோம். விளம்பரத் தொகை 20,000 ரூபாய் என்றால், தனியாகப் போகிறவர் 40,000 வரை எதிர்பார்க்க வேண்டும். அதன் மேல் துறைமுகக் கட்டணம், ஜி.எஸ்.டி., பணியாளர் அன்பளிப்பு, துறைமுகத்தில் இறங்கிச் சுற்றிப் பார்க்கும் செலவு, ஊரிலிருந்து போய்வரும் செலவு ஆகியவை சேரும். வெளிநாட்டுத் தொகுப்புப் பயணமாக இருந்தால் முகவர் மூலத்திலேயே ஒரு வரியைப் பிடிப்பார். அதை வருமான வரிக் கணக்கில் காட்டிச் சரிசெய்துகொள்ளலாம்.

2010-ல் வந்த 'நார்வீஜியன் எபிக்' கப்பலில் தனிப் பயணிகளுக்கென்றே 128 சிறிய அறைகள் அமைத்தார்கள். அதன்பின் வேறு சில நிறுவனங்களும் அப்படிச் செய்தன. நம் பக்கம் இருவர் அறையை வைத்துத்தான் இன்னும் கணக்குப் போடுகிறார்கள். செலவைக் குறைக்க மூன்று வழிகள் உண்டு:

- விடுமுறை, பண்டிகை நாள்கள் இல்லாத வாரத்தைத் தேர்ந்தெடுங்கள். அப்போது தனிப் பயணிக்கான கூடுதல் கட்டணத்தைக் குறைப்பது உண்டு.
- ஜன்னல் இல்லாத உள் அறையை எடுங்கள். பகலில் யாரும் அறையில் அடைந்து கிடக்கப் போவதில்லை.
- நம்பிக்கையான நண்பரோ உறவினரோ ஒருவர் வருவதாக இருந்தால் அறையைப் பகிருங்கள். முன்பின் தெரியாதவரோடு பகிரும் ஏற்பாடு என்றால், ஆண்கள் அறை, பெண்கள் அறை தனித்தனியா என்று எழுத்தில் உறுதி பெறுங்கள்.

'இப்போது பயணம், பிறகு தவணை' என்ற விளம்பரங்களில் வட்டி மறைந்திருக்கும். வட்டி இல்லை என்று சொன்னால் செயலாக்கக் கட்டணம் எவ்வளவு, தவணை தவறினால் என்ன பிடிப்பார்கள் என்று கேளுங்கள். சுற்றுலா கடமையல்ல. கையில் பணம் சேர்ந்த பிறகு போனால் போதும்.

ரத்து விதியையும் படியுங்கள். புறப்படும் நாள் நெருங்க நெருங்கத் திரும்பக் கிடைக்கும் தொகை குறையும். வழியில் உள்ள துறைமுகத்தை மாற்றும் உரிமையை நிறுவனங்கள் பொதுவாகத் தம் கையில் வைத்துக்கொள்ளும். 2022 ஜூனில் புதுச்சேரி அரசு அனுமதி தராததால், சென்னையிலிருந்து சென்ற கப்பலின் பயணிகள் அங்கே கரையிறங்க முடியாமல் போனது. ஒரே ஓர் ஊரைப் பார்ப்பதற்காக மட்டும் கப்பல் ஏறாதீர்கள்.

ஊரிலிருந்து துறைமுகம் வரை

கப்பல் யாருக்காகவும் காத்திருக்காது. பயணிகளை ஏற்றும் வாயிலைப் புறப்படும் நேரத்துக்கு வெகு முன்பே மூடிவிடுவார்கள். அதனால் முதல் நாளே துறைமுக ஊருக்குப் போய்த் தங்கிவிடுவது நல்லது.

சென்னைக்குச் செஞ்சி, திண்டிவனம் வழியாகப் பேருந்தில் கிளாம்பாக்கம் சென்று, பக்கத்தில் ஊரப்பாக்கம் அல்லது வண்டலூரில் மின்சார ரயில் ஏறினால் கடற்கரை நிலையத்தில் இறங்கலாம். துறைமுகம் எதிரே இருக்கும் ராஜாஜி சாலையில்தான் உள்ளது. எந்த நுழைவாயில் என்பது உங்கள் பயணச் சீட்டில் இருக்கும். கொச்சிக்குத் திருவண்ணாமலை, போளூர், வேலூர் வழியாகக் காட்பாடி சென்று எர்ணாகுளம் செல்லும் ரயிலைப் பிடிக்கலாம். சேலம் சென்று ஏறுவதும் ஒரு வழி. இலட்சத்தீவுக் கப்பல்களுக்கான துறை வில்லிங்டன் தீவில் உள்ளது.

நம் ஊருக்கே உரிய ஓர் எச்சரிக்கையும் உண்டு. பௌர்ணமி நாள்களிலும் கார்த்திகை தீபத்தின்போதும் திருவண்ணாமலைச் சாலைகளில் பேருந்து கிடைப்பதும் கடினம், நேரத்துக்குப் போய்ச் சேர்வதும் கடினம். நாள்காட்டியைப் பார்த்து அந்த நாள்களைத் தவிருங்கள். முடியாவிட்டால் ஒரு நாள் கூடுதலாக ஒதுக்குங்கள்.

தொழுகை, கிப்லா, உணவு

கஸ்ர். சுமார் 80 கி.மீ. தாண்டும் பயணத்தில், ஊர் எல்லையைக் கடந்ததும் லுஹர், அஸர், இஷா ஆகிய நான்கு ரக்அத் தொழுகைகளை இரண்டாகச் சுருக்கித் தொழலாம். ஃபஜ்ரும் மஃரிபும் மாறாது. ஷாஃபி மத்ஹபில் லுஹரையும் அஸரையும், மஃரிபையும் இஷாவையும் சேர்த்துத் தொழ அனுமதி உண்டு. ஹனஃபி மத்ஹபில் ஒவ்வொன்றையும் அதனதன் நேரத்தில் தொழ வேண்டும். பயணிக்கு ஜும்ஆ கடமையில்லை, லுஹர் தொழுதால் போதும். இலட்சத்தீவில் வெள்ளிக்கிழமை கரையில் இருக்க நேர்ந்தால் அங்குள்ள பள்ளியில் கலந்துகொள்ளலாம்.

கிப்லா. சென்னைக் கடலிலும் இலட்சத்தீவிலும் சிங்கப்பூரிலும் கிப்லா மேற்கிலிருந்து சற்று வடக்கே சாய்ந்திருக்கும். கைபேசியின் திசைகாட்டி கப்பலின் இரும்புச் சுவர்களுக்குள் தவறாகக் காட்டக்கூடும். திறந்த தளத்துக்கு வந்து பாருங்கள், சூரியன் மறையும் திசையோடு ஒப்பிடுங்கள். வரவேற்பு மேசையில் கேட்டாலும் கப்பல் எந்தத் திசையில் போகிறது என்று சொல்வார்கள். தொழும்போது கப்பல் திரும்புவது தெரிந்தால் நீங்களும் கிப்லாவை நோக்கித் திரும்பிக்கொள்ளுங்கள். நின்று தொழ முடிந்தவர் நின்றே தொழ வேண்டும். தலைசுற்றி விழும் நிலை இருந்தால் உட்கார்ந்து தொழலாம்.

நேரம். நடுக்கடலில் இணையம் இல்லாமல் தொழுகை நேரச் செயலி பழைய ஊரின் நேரத்தையே காட்டிக்கொண்டிருக்கும். போகும் இடங்களின் தொழுகை நேரங்களைத் தாளில் எழுதி எடுத்துச் செல்லுங்கள்.

தூய்மை. சில சொகுசுக் கப்பல்களின் கழிப்பறையில் காகிதம் மட்டுமே இருக்கும். ஒரு சிறிய பிளாஸ்டிக் குவளையைப் பெட்டியில் வையுங்கள். வீட்டில் யாரும் நினைவுபடுத்தாத, ஆனால் முதல் நாளே தேவைப்படும் பொருள் அது.

உணவு. "ஹலால் கிடைக்கும்" என்று முகவர் வாயால் சொன்னால் போதாது. இறைச்சி எங்கிருந்து வருகிறது, சான்று உண்டா என்று மின்னஞ்சலில் கேட்டுப் பதிலை வைத்துக்கொள்ளுங்கள். தெளிவான பதில் வராவிட்டால் மீன், முட்டை, சைவ உணவோடு நிறுத்திக்கொள்ளுங்கள். இனிப்புகளில் ஜெலட்டின், குழம்புகளில் மது சேர்ப்பது உண்டா என்று தலைமைச் சமையற்காரரிடமே கேட்கலாம். தயங்க வேண்டாம், இப்படிக் கேட்பவர்களை அவர்கள் தினமும் பார்க்கிறார்கள்.

தனியாகப் போவது பற்றி மார்க்கம்

தனித்துப் பயணம் செய்வதை விரும்பத்தகாததாகச் சொல்லும் நபிமொழிகள் உண்டு. வழித்துணையே இல்லாத பாதையின் ஆபத்தை வைத்து அறிஞர்கள் பலர் அவற்றை விளக்கியிருக்கிறார்கள். நூற்றுக்கணக்கானோர் சேர்ந்து செல்லும் கப்பலை அந்த நிலையோடு ஒப்பிட முடியாது என்பது அவர்களில் ஒரு சாராரின் கருத்து.

பெண்கள் மஹ்ரம் இன்றிப் பயணம் செய்வதில் கருத்து வேறுபாடு ஆழமானது. கூடாது என்பது பெரும்பாலான அறிஞர்களின் நிலைப்பாடு. பாதுகாப்பான துணைக்குழு இருந்தால் ஹஜ் போன்ற கடமைக்கு அனுமதித்தவர்களும், அதை மற்றப் பயணங்களுக்கும் விரித்தவர்களும் உண்டு. இந்தியாவில் 2018 முதல் 45 வயதைக் கடந்த பெண்கள் குழுவாக மஹ்ரம் இன்றி ஹஜ் செல்ல அரசின் ஹஜ் கொள்கை இடமளித்தது. ஆனால் ஓய்வுப் பயணம் ஹஜ் அல்ல. உங்கள் மத்ஹபை அறிந்த ஆலிமிடம் கேட்டு முடிவெடுங்கள். மகனோ சகோதரனோ அதே கப்பலில் வர முடிந்தால், இருவர் கட்டணம் என்ற சிக்கலும் தீரும்.

கப்பலில் தனியாள் கவனிக்க வேண்டியவை

பாதுகாப்புப் பயிற்சி. 'எம்.வி. சிதம்பரம்' 1985 பிப்ரவரியில் நடுக்கடலில் தீப்பிடித்ததோடு அதன் காலம் முடிந்தது. 2012 ஜனவரி 13 அன்று இத்தாலியில் 'கோஸ்டா கான்கார்டியா' பாறையில் மோதி 32 பேர் இறந்தனர். அன்று ஏறிய பயணிகளுக்கு அதுவரை பாதுகாப்புப் பயிற்சி நடந்திருக்கவில்லை. அதன்பின் சர்வதேச விதி மாறியது. கப்பல் புறப்படும் முன்போ புறப்பட்ட உடனேயோ பயிற்சி நடத்த வேண்டும். ஏழு குறுகிய ஒலி, அதைத் தொடர்ந்து ஒரு நீண்ட ஒலி என்பது ஆபத்து அறிவிப்பு. குடும்பத்தோடு வந்தவரை யாராவது தட்டி எழுப்புவார்கள். உங்களை எழுப்ப ஆள் இல்லை. ஆகவே அறையிலிருந்து கூடுமிடம் வரை ஒரு முறை நடந்து பாருங்கள்.

உடல்நிலை. கப்பல் மருத்துவர் முதலுதவிக்கும் சிறு நோய்க்கும் போதுமானவர். பெரிய சிகிச்சைக்குக் கரைக்குத்தான் வர வேண்டும். சர்க்கரை, இரத்த அழுத்த மாத்திரைகளைத் தேவைக்கு மேல் நான்கு நாள் கூடுதலாக எடுத்து, கைப்பையில் வையுங்கள். கடல் நோய் வருமோ என்று அஞ்சுபவர்கள் கப்பலின் நடுப்பகுதியில், கீழ்த் தளத்தில் அறை கேளுங்கள், ஆட்டம் குறைவாக இருக்கும். மாத்திரையை ஊரிலேயே மருத்துவரிடம் கேட்டு வாங்குங்கள். வெளிநாட்டுப் பயணமானால் மருத்துவக் காப்பீடு அவசியம். கடலிலிருந்து கரைக்குக் கொண்டுவரும் செலவும் அதில் அடங்குமா என்று பாருங்கள்.

கைபேசி. கரை மறைந்ததும் சிக்னல் போய்விடும். கப்பலின் செயற்கைக்கோள் இணைப்பில் கைபேசி தானாகச் சேர்ந்தால் கட்டணம் எகிறும். புறப்பட்டதும் விமான நிலைக்கு மாற்றிவிடுங்கள். "இத்தனை மணி நேரம் பேச முடியாது" என்று வீட்டில் முன்பே சொல்லிவிட்டால் யாரும் பதற மாட்டார்கள்.

பழக்கம். தினமும் ஒரே நேரத்தில், ஒரே உணவக மேசைக்குச் செல்லுங்கள். பக்கத்து மேசைக் குடும்பத்துக்கு சலாமோ வணக்கமோ சொல்லுங்கள். உங்களை ஒரு வேளை காணவில்லை என்றால் கேட்பதற்கு ஆள் கிடைத்துவிடுவார். ஆனால் அறை எண்ணை யாரிடமும் சொல்ல வேண்டாம். கதவைத் தட்டினால் யார் என்று கேட்டுத் திறங்கள். இரவில் ஆளில்லாத தளத்தின் ஓரத்துக்குத் தனியாகப் போகாதீர்கள்.

வீட்டில் விட்டுச்செல்ல வேண்டிய தாள்

ஒரு வெள்ளைத் தாளில் இவற்றை எழுதி, வீட்டில் பொறுப்பான ஒருவரிடம் கொடுங்கள்:

- கப்பலின் பெயர், நிறுவனத்தின் அவசரத் தொலைபேசி எண், பதிவு எண், தெரிந்தால் அறை எண்
- புறப்படும், திரும்பும் நாளும் நேரமும்; எந்த நாளில் எந்தத் துறைமுகம்
- ஆதார் அல்லது பாஸ்போர்ட்டின் நகல், காப்பீட்டு எண்
- சாப்பிடும் மருந்துகள், ஒவ்வாமை, இரத்த வகை, வழக்கமாகப் பார்க்கும் மருத்துவர்
- கொடுக்க வேண்டிய கடன், வர வேண்டிய பணம், உங்களிடம் இருக்கும் அமானிதம்

கடைசி வரியைப் பார்த்து வீட்டில் முகம் வாடலாம். ஹஜ்ஜுக்குப் புறப்படும்போது நம் பெரியவர்கள் செய்தது இதுதான். கடனைத் தீர்த்து, அமானிதத்தை ஒப்படைத்து, மனக்கசப்பு உள்ளவர்களிடம் மன்னிப்புக் கேட்டுப் புறப்பட்டார்கள். மூன்று நாள் பயணத்துக்கும் அந்த ஒழுங்கு பொருந்தும்.

இதே தாளின் இன்னொரு நகலை உங்கள் பையிலும் வையுங்கள். கப்பல் வரவேற்பு மேசையில், "நான் தனியாக வந்திருக்கிறேன், அவசரம் என்றால் இந்த எண்ணை அழையுங்கள்" என்று முதல் நாளே சொல்லிவிடுங்கள்.

"தனியா எதுக்கு?" என்று கேட்டவர் கையில் இந்தத் தாளைக் கொடுத்துப் பாருங்கள். அதைப் படித்த பிறகு, "எப்ப திரும்பி வருவீங்க?" என்றுதான் கேட்பார். அதற்கான பதில் தாளின் இரண்டாவது வரியிலேயே இருக்கிறது. இன்ஷா அல்லாஹ், நலமாகப் போய் நலமாகத் திரும்புங்கள்.